சிப்பாய் ஜேம்ஸ் கிறே

ஆண்வேடம் பூண்டு போருக்குச் சென்ற பெண்களைப் பற்றிய கதைகள் பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தெருப்பாடல்களாக விற்கப்பட்டவை. ஆதலின் வரலாற்று மாணவன் இவற்றை ஐயத்துடன் அணுகுவதே முறை. எனினும் ஹன்னா ஸ்னெல் என்பாளின் வாழ்வை வெறுங்கதையெனத் தள்ளிவிட முடியாது. அதன் முக்கிய பகுதி நிகழ்ந்ததோ தமிழ் வழங்கும் சோழமண்டலக் கரையிலாகும்.

1723 இல் வூஸ்ரர் நகரிற் பிறந்த ஹன்னா, ஒல்லாந்த மாலுமி ஒருவனை மணந்தாள். கருவுற்றிருந்தவளைக் கணவன் கைவிட்டான். பிறந்த குழந்தையும் இறந்தது. சகோதரியின் கணவனான ஜேம்ஸ் கிறேயின் பெயரை ஏற்று, ஆணுடை தரித்து, கடற்படைச் சிப்பாயாகச் சேர்ந்தாள். கணவனைத் தேடியே புறப்பட்டாள் என்பர். இவ்விளக்கம் வாசகரின் இரக்கத்தைத் தூண்டவல்லது. ஆயின் ஆதரவற்ற ஏழைப் பெண்ணுக்கு ஒரு சிப்பாயின் சம்பளமும் உணவும் எத்தகையன என்பதையும் நாம் மறத்தலாகாது.

1748 ஆகஸ்ட் முதல் ஒக்ரோபர் வரை பொஸ்கவனின் படை புதுச்சேரியை முற்றுகையிட்டது. நகருள்ளே ஆனந்தரங்கப்பிள்ளை தம் நாட்குறிப்பைத் தமிழில் எழுதிவந்த காலம் அது. நோயும் மழையும் ஆங்கிலேயரை வருத்தின, முற்றுகை தோல்வியுற்றது. ஹன்னாவின் கால்களிற் பல காயங்கள். தொடைச்சந்திலும் ஒரு குண்டு பாய்ந்திருந்தது. வைத்தியர் அதனைக் கண்டால் வேடம் வெளிப்படும். ஆகவே அவள் அதை மறைத்து, பணிவிடை செய்த உள்ளூர்ப் பெண்ணொருத்தியிடம் மாத்திரம் உண்மையைக் கூறி, தன் விரல்களாலேயே குண்டை அகற்றினாள். பஞ்சும் களிம்பும் கொண்டுவந்து கொடுத்தவள் அப்பெண்.

இவற்றைக் கூறுவது 1750 இல் இலண்டனில் றொபேட் வோக்கர் வெளியிட்ட வாழ்க்கை வரலாறு. வோக்கர் ஒரு புத்தக வியாபாரி. மிகைப்படுத்தலில் அவருக்கு இலாபமுண்டு. கார்லைலில் அவளுக்கு ஐந்நூறு கசையடி வழங்கப்பட்டதென்னும் செய்தியை ஆய்வாளர் நம்புவதில்லை. அவள் தாய்மையுற்றிருந்த காலத்தோடு அது முரண்படுகின்றது. ஆனால் அதே 1750 இல் செல்சி அரச மருத்துவமனையின் ஓய்வூதியப் பதிவேட்டில் ஹன்னாவின் பெயர் இடம்பெற்றது. புதுச்சேரியிற் பட்ட காயமும் அங்கே குறிக்கப்பட்டுள்ளது. புத்தகக்காரனின் சொல்லைக் காட்டிலும் அரச பொக்கிசத்தின் பதிவே எமக்கு வலிய சான்று.

பின்னர் அவள் சிப்பாய் உடையுடன் இலண்டன் அரங்குகளில் ஆயுதப் பயிற்சி செய்துகாட்டினாள். அவளைக் கண்டு வியந்த சமூகம் பிற பெண்களுக்குப் படையின் வாயிலைத் திறக்கவில்லை. 1792 இல் பெத்லெம் மனநோய் மருத்துவமனையில் இறந்து, தன் விருப்பப்படி செல்சியில் அடக்கஞ் செய்யப்பட்டாள்.

காயத்தின் இரகசியத்தைக் காத்த உள்ளூர்ப் பெண்ணை வோக்கரின் நூல் நிறத்தால் மட்டுமே சுட்டுகின்றது. தோழர்களிடமிருந்தும் வைத்தியரிடமிருந்தும் ஹன்னா மறைத்ததை அறிந்திருந்தவள் அவள். காட்டிக்கொடுத்திருந்தால் ஓய்வூதியமும் இல்லை, நூலும் இல்லை. அவளுக்கு நூலாசிரியர் ஒரு பெயரைக்கூடக் கொடுக்கவில்லை.