வீழ்ந்த மீனும் வேந்தன் மறைவும்

நீரில் வாழ்வதற்கும் விண்ணில் ஒளிர்வதற்கும் மீன் என்ற ஒரு பெயரையே இட்டனர் நம் முன்னோர். கோணமாமலையடியில் இரவில் நின்று கடலையும் வானையும் நோக்குவார்க்கு இதன் பொருத்தம் விளங்கும். சிந்துவெளி முத்திரையின் மீன்குறியை விண்மீனென ஹீராஸ் பாதிரியார் கொண்டதும் இச்சொல்லைப் பற்றியே; அது இன்னும் முடிந்த முடிபன்று.

விவிலியத்திலே யோசேப்பின் கனவில் பதினொரு நட்சத்திரங்கள் அவனை வணங்கின. அவை உயர்வு குறித்தன. நம் புறநானூற்று 229ஆம் பாட்டிலோ மீன் வீழ்கின்றது. பங்குனி நள்ளிரவிலே எரிந்து வீழ்ந்த மீனைக் கண்ட கூடலூர் கிழார், தம் அரசன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறைக்கு என்னாகுமோ என்று கலங்கினார். ஏழாம் நாள் அரசன் இறந்தான்.

வளிமண்டலத்திலே சிறுகல் எரிவதே அவ்வொளி என்று இன்று அறிவோம். எரிமீன் கண்டு அஞ்சும் பாட்டிமாரைப் பார்த்து இளைஞராகிய நாம் சிரிப்பதுமுண்டு. ஆயினும் கிழாரை நகைக்க நமக்கு மனம் வரவில்லை. உத்தரம் உச்சி சாய்ந்ததும், மூலம் எழுந்ததும், மிருகசீரிடம் மறைந்ததும் அவர் குறித்தனவாகப் பழைய உரை கூறும். இவ்வளவு நுணுகி வானை நோக்கியவர் பேதையாவரோ? அவரைக் கலக்கியது மீனன்று, அன்பே என்பது எம் கருத்து. அப்பாட்டில் மற்ற இரவலரும் அவருடன் கூடியே அஞ்சுகின்றனர்.

அவ்வரசன் வேண்ட அவர் தொகுத்த ஐங்குறுநூற்றை உ. வே. சாமிநாதையர் 1903இல் அச்சிட்டார்.