கொம்பு முறிதலும் குளிர்த்தியும்: மட்டக்களப்பின் வாரப் போட்டி பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

மட்டக்களப்புப் பிரதேசத்தின் பாரம்பரியக் கலைகள் பற்றிய ஆய்வுகளிலே கூத்துப் பெற்றுள்ள கவனத்தைக் கொம்பு விளையாட்டுப் பெற்றதில்லை. இதற்குக் காரணமுண்டு. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களிலே பேராதனையில் மேற்கொண்ட முயற்சிகளின் பயனாகக் கூத்துப் பல்கலைக்கழக மேடைக்கு வந்தது. 'கர்ணன் போர்', 'இராவணேசன்' ஆகிய தயாரிப்புகள் கற்றோர் மத்தியில் அதற்கு மதிப்பைத் தேடிக்கொடுத்தன. அம்மதிப்பின் வழியே ஆய்வும் வந்தது. கொம்பு விளையாட்டோ மேடைக்குள் அடங்குவதன்று. ஊர் முழுவதும் இரண்டாகப் பிரிந்து நின்று ஆடும் ஆட்டம் அது. பார்வையாளர் என்றொரு தனிக்கூட்டம் அதற்கு இல்லை. வி. சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' (1964) போன்ற நூல்களின் வழியாகவே வெளியார் பலர் அதனை அறிவர்.

இவ்விளையாட்டை நாம் இங்கு ஒரு குறிப்பிட்ட வினாவுடன் அணுகுகின்றோம். ஆடுவோர் தம்முள்ளே மோதிக்கொள்வதும், அவர்கள் யாவரும் ஒருங்கே நின்று தமக்குப் புறத்தேயுள்ள இயற்கையை எதிர்கொள்வதும் ஒரே விளையாட்டினுள் எவ்வாறு அமைகின்றன? அவ்விரண்டினுக்கும் இடையிலுள்ள சமநிலை எதனாற் பேணப்படுகின்றது, எதனாற் குலைகின்றது? இவ்வினா பழமையை மாத்திரம் பற்றியதன்று. இன்று இலட்சக்கணக்கான இளைஞர் கணினித்திரையில் வேடமேற்று ஆடும் இணைய விளையாட்டுக்களை ஆக்குவோரும் இதே வினாவுடன் மல்லாடுகின்றனர். அதனைப் பின்னர் நோக்குவோம்.

1. வாவியும் வாரங்களும்

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கின்றது. அதன் கிழக்கே கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான நிலம் எழுவான்கரை. மேற்கே வயல்வெளிகளையும் காடுகளையும் கொண்ட நிலம் படுவான்கரை. நெல் விளைந்தது படுவான்கரையில்; நிலவுடைமையாளரான போடியார் பலர் வாழ்ந்தது எழுவான்கரையில். வயலைப் பொறுப்பேற்றுச் செய்த முல்லைக்காரரும் கூலியாட்களும் போடியாரைச் சார்ந்து வாழ்ந்தனர். தாய்வழிக் குடிமுறை, கோயில் வண்ணக்கர் பதவி, கோயில் மரியாதைகளின் வரிசை ஆகியன இவ்வமைப்பிற்குக் கருத்துநிலைத் தாங்குதலை அளித்தன.

இச்சமூகத்தின் தலையாய தெய்வங்களுள் ஒன்று கண்ணகி. வைகாசியிலே, மாரிப்போக வேளாண்மை அறுத்து முடிந்து, கச்சான் வீசி, நிலம் வெடித்துக் கிடக்கும் வேளையிலே, அம்மன் கோயிற் கதவு திறக்கப்படும். நாட்கள் சில சடங்கு நிகழ்ந்து, இறுதியிலே குளிர்த்தியுடன் நிறைவெய்தும். வெம்மையின் தெய்வத்தைக் குளிர்விப்பதே குளிர்த்தி. மழை பொய்த்தலும் அம்மை, கொப்புளிப்பான், சின்னமுத்து முதலாய நோய்களும் வெம்மையின் விளைவுகளாகவே மக்களாற் கொள்ளப்பட்டன. சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரையும் இதே தொடர்பைக் காட்டுகின்றது. பாண்டிநாட்டில் மழை வறந்து நோய் பரவியமையும், கண்ணகிக்கு விழவெடுத்தபின் மழை பெய்தமையும், இலங்கையிற் கயவாகு வழிபாடு நிகழ்த்தியமையும் அங்குக் கூறப்பட்டுள்ளன.

கொம்பு விளையாட்டு இவ்வழிபாட்டின் ஓர் அங்கம். ஊரவர் வடசேரி, தென்சேரி என இரு வாரங்களாகப் பிரிவர். வடசேரி கோவலனின் கட்சி. தென்சேரி கண்ணகியின் கட்சி. இருவரும் பூக்கொய்யச் சென்றபொழுது அவர்தம் கொக்கைத்தடிகள் சிக்கிக்கொண்டன என்றும், இழுபறியிற் கண்ணகி வென்றாள் என்றும் வழங்கும் கதையே ஆட்டத்திற்கு அடிப்படை. போர்த்தேங்காய் அடித்தல் போன்ற முன்னாட்டங்களும் உண்டு. பின்னர், வைரமேறிய மரத்தின் வளைந்த கொம்புகள் இரண்டை ஒன்றோடொன்று கொழுவி, வடங்களாற் பிணைத்து, இரு வாரத்தாரும் தத்தம் பக்கம் இழுப்பர். எவருடைய கொம்பு முறிகின்றதோ அவ்வாரம் தோற்றது. வென்ற கொம்பு ஏடகத்தில் ஊர்வலம் வரும். வென்றோர் தோற்றோரை வசைபாடுவர். அனைத்தும் முடிந்தபின் வருவது குளிர்த்தி. அது வென்றோர், தோற்றோர் இரு சாராருக்கும் பொது.

சிங்கள மக்களிடையே பத்தினி தெய்வத்திற்கு ஆடப்பட்ட 'அங்கெலிய' இதன் உடன்பிறப்பு. அங்கே இரு கட்சியினரும் உடுபில, யட்டிபில எனப்படுவர். வளைந்த தடிகளைக் கொழுவி இழுக்கும் ஆட்டத்தை ரொபர்ட் நொக்ஸ் 1681இல் வெளிவந்த தமது நூலிலே வழிபாட்டோடு சார்ந்த ஒன்றாக வருணித்துள்ளார். இன்று இரு வேறு இனங்களின் தனிச்சொத்துக்களாகப் பேசப்படும் பண்பாடுகளின் அடித்தளத்திலே வயலும் வறட்சியும் பொதுவாக இருந்தமைக்கு இது தக்க சான்றாகும்.

2. விளையாட்டும் உழைப்பும்

கணநாத் ஒபயசேகர 1984இல் வெளியிட்ட பத்தினி வழிபாடு பற்றிய பெருநூலிலே இவ்வாட்டத்தை உளப்பகுப்பாய்வு நோக்கில் விளக்கினார். கொம்பு முறிதலும் வசைப்பாட்டும் ஆணின் அடிமன அச்சங்களின் வெளிப்பாடுகள் என்பது அவ்விளக்கத்தின் சாரம். அவர் திரட்டித் தந்த தரவுகளுக்கு நாம் யாவரும் கடமைப்பட்டுள்ளோம். ஆயினும் அடிமன அச்சம் எக்காலத்தும் உள்ளதாயின், ஆட்டம் ஏன் குறித்த பருவத்திலே, மழை பொய்த்தலோடும் நோயோடும் பிணைந்து நிகழ வேண்டும்? இவ்வினாவிற்கு உளவியல் மாத்திரம் விடைதர இயலாது.

விளையாட்டுக்கு முன்னே உழைப்பு உள்ளது என்றார் பிளெக்கனோவ். ஹொய்சிங்கா 1938இல் இதற்கு நேர்மாறாக, பண்பாடே விளையாட்டிலிருந்து எழுவது என வாதிட்டார். கொம்பு விளையாட்டைப் பொறுத்தவரை முன்னையவரின் கூற்றே பொருந்துகின்றது. குளக்கட்டுக் கட்டுதல், வாய்க்கால் வெட்டுதல், அறுவடை ஆகிய எல்லாவற்றிலும் ஊரவர் அணிசேர்ந்தே உழைத்தனர். அணிகளிடையே போட்டி எழுவது இயல்பு. போட்டி உழைப்பை விரைவுபடுத்தும். ஆயின் குளக்கட்டு உடையுமிடத்து இரு அணியினரின் வயல்களும் அழியும். போட்டியைத் தூண்டவும் வேண்டும், அதற்கு எல்லையிடவும் வேண்டும் என்னும் உற்பத்தித் தேவையே ஆட்டத்திற் சடங்குவடிவம் பெற்றது என்பது எமது துணிபு.

இவ்வெல்லைகளை ஆட்டத்தின் அமைப்பிலேயே காணலாம். முறிவது மரம், மனித உடலன்று. வசைக்கு இடமுண்டு, ஆயின் அதற்கு இடமும் வேளையும் வகுக்கப்பட்டுள்ளன. ஆடுவோர் கோவலனாகவும் கண்ணகியாகவும் வேடமேற்கின்றனர். எதிராளி நிரந்தரப் பகைவனல்லன், கதையிலே கணவன் அல்லது மனைவி. யாவற்றுக்கும் மேலாக, எவ்வாரம் வென்றாலும் எதிர்பார்க்கப்படும் பயன் ஒன்றே: மழை. அது தென்சேரியாரின் வயலுக்கு மாத்திரம் பெய்வதன்று. மனிதருக்கிடையிலான மோதல், இயற்கையுடனான மோதலுக்குள் அடக்கிவைக்கப்பட்டிருந்தது. சமநிலையின் இரகசியம் இதுவே.

இதனை இலட்சிய உலகாகக் காட்டுவது எமது நோக்கமன்று. வாரப் பிரிவினை ஊரை நெடுக்காகப் பிளந்தது. போடியார், கூலியாள் என்னும் குறுக்குப் பிளவை அது மறைத்தது. வடத்தை இழுக்கும்வரை போடியாரும் அவர்தம் கூலியாளும் ஒரே வாரத்தார், வயலிலே அவ்வாறில்லை. மழை இருவருக்கும் பெய்தது. விளைச்சல் இருவருக்கும் ஒப்பப் பங்கிடப்படவில்லை. சமநிலை என்பது எப்பொழுதும் யாரோ ஒருவருக்கு வசதியான சமநிலையாகவே இருந்துள்ளது.

3. சமநிலை குலைந்தவாறு

ஆட்டம் அடிதடியாகவும் ஊர்ப்பகையாகவும் முடிந்தமையாலேயே கைவிடப்பட்டது என்பது பொதுவாகக் கூறப்படும் காரணம். அது காரணத்தின் ஒரு பாதியே. வாரப் போட்டி ஏன் எல்லை மீறியது என்பதன்றோ விளக்கப்படவேண்டியது?

1832இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டபொழுது கட்டாய உழைப்பு நீங்கியது. குளங்களைப் பேணிய கூட்டு உழைப்பும் அதனோடு தளர்ந்தது. பழைய நீர்ப்பாசன வழக்காறுகளுக்கு உயிரூட்ட ஆங்கில அரசு 1856இல் 9ஆம் இலக்கச் சட்டத்தை இயற்ற வேண்டியதாயிற்று. பணப்பொருளாதாரம் நிலத்தைச் சந்தைக்குக் கொணர்ந்தது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின்பின் நீர் அரச திணைக்களத்தின் பொறுப்பாக மாறியது. அம்மைக்கு அம்மைப்பால் கட்டும் வழக்கம் பரவியது. 1980இல் பெரியம்மை உலகினின்றே ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. இவை யாவும் மனிதகுலத்தின் வெற்றிகளே. எவரும் வருந்தற்குரியன அல்ல.

ஆனால் இவற்றின் விளைவாக ஆட்டத்தின் ஒரு பாதி வெறுமையாயிற்று. இயற்கையுடனான போராட்டம் ஊரின் கையைவிட்டு அகன்றது. எஞ்சியது வாரத்துக்கு வாரம் என்னும் மோதல் மாத்திரமே. அதனுள்ளே கோயில் அதிகாரம், காணிப் பிணக்கு, போடியாரின் கௌரவம் என்பன எளிதிற் புகுந்துகொள்ளும். பொது எதிரி நீங்கிய களத்திலே அயலவன் எதிரியாவது வியப்பன்று.

4. திரையில் எழுந்த அதே வினா

இனி, தொடக்கத்திற் கூறிய இணைய விளையாட்டுக்களை நோக்குவோம். பலர் ஒரே கற்பனை உலகினுட் புகுந்து ஆடும் முறை 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்திலே றோய் ட்ரப்ஷோ, றிச்சர்ட் பார்ட்டில் ஆகியோரால் உருவாக்கப்பட்டது. 1996இல் பார்ட்டில் எழுதிய கட்டுரையொன்று ஆடுவோரை நான்கு வகையினராகப் பிரித்தது. சிலர் ஏனைய ஆட்டக்காரரை நாடுவோர். சிலர் உலகத்தை நாடுவோர். ஒரு சாரார் மிகின் மறுசாரார் வெளியேறுவர் என்பதனால் அவர்களிடையே சமநிலை வேண்டும் என்றார் அவர்.

1997இல் வெளிவந்த 'அல்ற்றிமா ஒன்லைன்' இதற்குச் சிறந்த உதாரணம். அதனை ஆக்கியோர் புல்லை உண்ணும் விலங்கு, அதனை உண்ணும் விலங்கு என ஓர் இயற்கைச் சங்கிலியையே முதலில் அமைத்திருந்தனர். சோதனைக் காலத்திற் புகுந்த ஆட்டக்காரர் கண்ட விலங்கையெல்லாம் கொன்று தீர்த்தமையால் அச்சங்கிலி இயங்க நேரமே இருக்கவில்லை, அது கைவிடப்பட்டது. பின்னர் ஆட்டக்காரர் ஆட்டக்காரரைக் கொன்று பொருள் பறிப்பது பெருகியது. 2000இல் நிறுவனம் உலகையே இரண்டாக்கியது: ஒன்றிலே ஒருவரையொருவர் தாக்கலாம்; மற்றையதிலே இயலாது. 2004இல் வந்த 'வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட்' இவ்விரு சாராருக்கும் தொடக்கத்திலேயே வெவ்வேறு வழங்கிகளை ஒதுக்கியது.

இங்கே நாம் காண்பது சமநிலையன்று; பாகப்பிரிவினை. கொம்பு விளையாட்டு ஒன்றினுள் மற்றொன்றை அடக்கிய இடத்திலே, சந்தை இரண்டையும் தனித்தனிப் பண்டங்களாக வேறாக்கி இரு சாராருக்கும் விற்றது.

2005 செப்ரெம்பரில் வோர்கிராஃப்ட் உலகிலே ஒரு கொள்ளைநோய் பரவியது. தெய்வவடிவப் பகைவன் ஒருவனுடன் பொருதுவோருக்கு மாத்திரம் என அமைக்கப்பட்ட தொற்று, நிரலிலிருந்த வழுவினால் நகரங்களுக்கும் வந்து, வலுக்குன்றிய பாத்திரங்களை வீழ்த்தியது. சிலர் நோயுற்றோருக்கு மருத்துவம் செய்தனர். சிலர் வேண்டுமென்றே நோயைப் பரப்பினர். 2007இல் மருத்துவ ஆய்விதழொன்றும் இதனை ஆராய்ந்தது. எமது கவனத்திற்குரியது அதன் முடிவு. ஆட்டக்காரர் கூடி நோயைத் தணிக்கவில்லை. அதற்கான சடங்கோ, அமைப்போ, அதிகாரமோ அவர்களிடம் இருக்கவில்லை. நிறுவனம் தன் வழங்கிகளை மீளத் தொடக்கி நோயை அழித்தது. அங்கே குளிர்த்தி பாடுவோர் ஊரவரல்லர், உடைமையாளர்.

இயற்கையின் விதியையும் மோதலின் விதியையும் யார் வகுக்கின்றனர் என்பதே ஈற்றில் தீர்க்கமான வினா. கொம்பு விளையாட்டிலே அவ்விதிகள் சமமற்ற சமூகமொன்றினால் வகுக்கப்பட்டன என்பது உண்மை. எனினும் வகுத்தோர் ஆடுவோரிடையே வாழ்ந்தனர், அவர்தம் வயலும் அதே மழைக்குக் காத்திருந்தது. திரையிலே விதிவகுப்போருக்கு அம்மழை வேண்டியதில்லை. மாதக் கட்டணம் போதும்.

5. முடிவுரை

போருக்குப் பிந்திய ஆண்டுகளிலே கொம்பு விளையாட்டைப் பண்பாட்டு விழாக்களிற் காட்டும் ஆர்வம் எழுந்துள்ளது. அதனை நாம் வரவேற்கின்றோம். ஆயினும் ஓர் எச்சரிக்கையுடன். வடத்தையும் கொம்பையும் மீட்டெடுத்தல் எளிது. அவற்றோடு வாரப் பெருமையையும் ஊர்ப் பெருமையையும் மீட்டெடுத்தல் அதனினும் எளிது. பெருமைகளின் மோதலை முப்பதாண்டுகள் கண்ட மண் இது.

மீட்கப்படவேண்டியது ஆட்டத்தின் மறுபாதி. இயற்கை எம்மைவிட்டு அகலவில்லை என்பதனை 1978 நவம்பர்ச் சூறாவளியும் 2004 டிசெம்பர் ஆழிப்பேரலையும் உணர்த்தின. ஆழிப்பேரலை எழுவான்கரையிலே தமிழரென்றும் முஸ்லிம்களென்றும் வேறுபாடு காணவில்லை. வாவியின் மீனும் கண்டலும், குளத்து நீரும், படுவான்கரை வயலும் இரு கரையாருக்கும் பொதுவான இருப்பின் அடிப்படைகள். அவற்றைக் காப்பதற்கு மக்கள் தாமே கூடி விதிவகுக்கும் அமைப்புகள் தோன்றுமாயின், அவற்றினுள் வடசேரியும் தென்சேரியும் எவ்வளவு வேண்டுமாயினும் இழுபறிப்படலாம். அவ்வமைப்பு இல்லாதவிடத்து முறிவது கொம்பாக மாத்திரம் இராது.