படியில்லா டிராம் வண்டி

ஊரின் வீதியில் ஓடும் வண்டியைப் பொது வண்டி என்கிறோம். ஆயின், அதன் வாயிலில் மூன்று படிகள் இருக்குமானால், படியேற வல்லவர்க்கே அது பொது. ஏற இயலாதவர்க்கு அது கண்ணெதிரே கடந்து செல்லும் காட்சி மட்டுமே. டிராம் வண்டியில் இப்படிகள் எவ்வாறு தோன்றின, எவ்வாறு நீங்கின என்பதைச் சிறிது ஆராய்வோம்.

சென்னையில் 1895ஆம் ஆண்டில் மின்சார டிராம் ஓடத் தொடங்கி, 1953ஆம் ஆண்டில் நின்றது. அக்காலத்து டிராம்களில், அவை எந்த நாட்டில் ஓடினும், சக்கரங்களும் அச்சுகளும் மோட்டார்களும் பயணிகளின் காலடியிலேயே அமைந்திருந்தன. இயந்திரம் கீழே இடம் பிடித்தமையால் தளம் மேலே உயர்ந்தது. தளம் உயர்ந்தமையால் படிகள் வேண்டியிருந்தன. இதனை இயற்கையின் விதிபோல் எல்லோரும் ஏற்றுக்கொண்டனர்.

அது விதியன்று என்பதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. நியூயார்க் நகரில் 1912ஆம் ஆண்டிலேயே, நடுவில் தாழ்ந்த வாயிலுடைய ‘படியில்லா வண்டி’ ஓடியது. அந்நாளைய நாகரிகப் பெண்கள் அணிந்த, கணுக்காலருகே குறுகிய பாவாடையுடன் உயர்ந்த படியில் ஏறுவது அரிது. அப்பாவாடையின் பெயரையே மக்கள் அவ்வண்டிக்குச் சூட்டினர். பாவாடையின் மோகம் மறைந்தது, அவ்வண்டியும் வழக்கொழிந்தது. நடக்க இயலாதவர்க்கோ அதன்பின் எழுபது ஆண்டுகள் கழிந்தே வழி பிறந்தது.

அவ்வழி பிறந்த நகரங்களுள் சிறப்பானது, பிரான்சு நாட்டில் ஆல்ப்ஸ் மலைகளிடையே அமைந்த கிரெனோபிள். டிராம் வேண்டுமா என 1983ஆம் ஆண்டில் நகர மக்களிடம் வாக்கெடுத்தபோது, பெரும்பான்மையோர் வேண்டுமென்றனர். பிரெஞ்சு நகரங்களுக்கெல்லாம் பொதுவாக வகுக்கப்பட்ட வண்டி ஒன்று 1985ஆம் ஆண்டில் நாந்த் நகரில் ஓடத் தொடங்கியது. அதன் தளம் உயரமானது; வாயிலில் படிகள் இருந்தன. அவ்வமைப்பைக் கிரெனோபிளின் உடற்குறையுடையோர் சங்கங்கள் ஏற்கவில்லை. தம் பொருட்டுத் தனி வண்டி வேண்டுமென்று அவர்கள் கேட்கவில்லை. எல்லோரும் ஏறும் வண்டியில் தாமும் ஏற வேண்டும் என்றே கேட்டனர்.

பொறியாளர் வரைபடத்தை மாற்றினர். மோட்டார்கள் வண்டியின் இரு முனைகளுக்கும், மின்கருவிகள் பல கூரைக்கும் சென்றன. நடுவிலுள்ள சக்கரங்களுக்கிடையே அச்சு தாழ்த்தப்பட்டது. தண்டவாளத்திலிருந்து ஏறத்தாழ 35 சென்டிமீட்டர் உயரத்தில், வண்டியின் பெரும்பகுதிக்குத் தாழ்ந்த தளம் கிடைத்தது. நிறுத்தங்களில் மேடை எழுப்பி, மேடைக்கும் வண்டிக்கும் இடையிலுள்ள இடைவெளியை மூட, வாயிலிலிருந்து நீளும் பலகையையும் பொருத்தினர். 1987ஆம் ஆண்டில் இவ்வண்டி ஓடத் தொடங்கியது. சக்கர நாற்காலியில் அமர்ந்தவர் பிறர் தூக்கிவிடாமலே உள்ளே சென்றார். குழந்தை வண்டியைத் தள்ளிவந்த தாயும், மூட்டுவலியுடைய முதியவரும் அதே வாயிலில் எளிதாக நுழைந்தனர்.

ஜெனீவா நகரம் 1984ஆம் ஆண்டிலேயே தளத்தின் ஒரு பகுதியைத் தாழ்த்தியிருந்தது. ஜெர்மனியின் பிரேமன் நகரில் 1990ஆம் ஆண்டில், முன்னிருந்து பின்வரை முழுவதும் தாழ்ந்த தளமுடைய வண்டியின் முன்மாதிரி வெளிவந்தது. ஆனால் வண்டி தாழ்ந்தால் மட்டும் போதாது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் 2002ஆம் ஆண்டின் விதிகள் டிராம் நிறுத்தங்களைச் சீராக்க 2022ஆம் ஆண்டின் இறுதியைக் கெடுவாக வைத்தன. கெடு கடந்தபோதும் நிறுத்தங்களில் பெரும்பாலானவற்றுக்கு உரிய மேடை அமையவில்லை. வீதி நடுவே நிற்கும் புது வண்டியின் தளம் தாழ்ந்திருந்தும், மேடையில்லாத இடத்தில் சக்கர நாற்காலிக்கு அது எட்டாத உயரமே.

நம் நாட்டின் 2016ஆம் ஆண்டுச் சட்டம், தொழில்நுட்ப முறையில் இயலுமிடத்தும் செலவுக்கு ஏற்குமிடத்தும் பழைய ஊர்திகளையும் உடற்குறையுடையோர்க்கு ஏற்பத் திருத்தியமைக்க வேண்டும் என்கிறது. ‘இயலுமிடத்து’ என்னும் சொல்லில்தான் வழக்கு அடங்கியிருக்கிறது. உயர்ந்த தளம் தவிர்க்க முடியாதது என்று நூறாண்டுக் காலம் கருதப்பட்டது. கேட்கத் தக்கவர்கள் உறுதியோடு கேட்டபோது, இயந்திரமே எழுந்து கூரைக்குச் சென்று மனிதனுக்கு இடம் கொடுத்தது. இயலாது என்று முடிவு கட்டுமுன், முயன்றோமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வது நன்று.