முறையீடு சென்று சேர்ந்த இடம்: சென்னைச் சித்திரவதை விசாரணை ஆணையம் (1854–55) – ஒரு மறுநோக்கு

முன்னுரை

காவலர் இழைக்கும் கொடுமையைக் காவல்துறைக்குப் புறம்பானோர் விசாரிக்க வேண்டும் என்னும் கோரிக்கை அண்மைக் காலத்தது எனக் கருதுவோர் உளர். அச்சிக்கல் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சென்னையிலேயே இனங்காணப்பட்டதை இக்கட்டுரை எடுத்துரைக்கின்றது.

ஆணையமும் அறிக்கையும்

சென்னை மாகாணத்தில் குடிகள் வதைக்கப்படுவது குறித்து 1854இல் பிரித்தானிய நாடாளுமன்றத்தில் விவாதம் எழுந்தது. அதன் விளைவாக எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகிய மூவர் கொண்ட ஆணையம் சென்னையில் அமைந்தது. 1,900க்கும் மேற்பட்ட முறையீடுகள் வந்தன. பலர் நெடுந்தொலைவு கடந்து நேரில் வந்து முறையிட்டனர். கையை நெருக்கும் கிட்டி, உடலை வளைத்துக் கட்டும் அண்ணாந்தாள் என்னும் தமிழ்ச்சொற்கள் அவ்வறிக்கையில் ஆங்கில எழுத்தில் பதிவாயின.

வரி தண்டவும் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்யவும் வதை கையாளப்பட்டதை 1855ஆம் ஆண்டு அறிக்கை உறுதிசெய்தது. ஆங்கிலேய அதிகாரிகளை விடுவித்து, பழியைக் கீழ்நிலை இந்திய அலுவலர்மேல் சுமத்தியது அதன் குறை. ஆயினும் நீதி பெறுவதிலிருந்த இடர்ப்பாட்டை அது மறைக்கவில்லை. வரிவசூலும் காவலும் தாசில்தார் ஒருவரிடமே இருந்தன. ஆட்சியருக்கு எழுதும் மனு அத்தாசில்தாரின் அறிக்கைக்கே திருப்பப்படும் எனக் குடிகள் அஞ்சினர். குற்றஞ்சாட்டப்பட்டவரே விசாரிப்பவரும் ஆனார்.

பின்வந்த சட்டங்கள்

1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டம் காவலை வருவாய்த் துறையினின்று பிரித்தது. 1861ஆம் ஆண்டின் இந்தியக் காவல் சட்டத்திற்கு இதுவே முன்மாதிரி எனலாம். ஆனால், முறையீட்டை ஏற்கும் புறநிலை அமைப்பு எதனையும் இது தோற்றுவிக்கவில்லை. அத்தகைய அமைப்பை மாநில, மாவட்ட அளவுகளில் ஓய்வுபெற்ற நீதிபதிகளின் தலைமையில் நிறுவுமாறு பிரகாஷ் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் 2006 செப்டம்பர் 22 அன்று ஆணையிட்டது. தமிழ்நாட்டின் 2013ஆம் ஆண்டுச் சட்டமோ மாநில அளவில் உள்துறைச் செயலரையும் மாவட்ட அளவில் ஆட்சியரையும் தலைவராக்கி, காவல்துறை உயர் அலுவலரையே உறுப்பினராக்கியது.

முடிவுரை

1855இல் மனு ஆட்சியர்வழித் தாசில்தாரைச் சென்றடைந்தது. 2013ஆம் ஆண்டு அமைப்பில் அது ஆட்சியரையும் காவல் கண்காணிப்பாளரையும் சென்றடைந்தது. இடைப்பட்ட காலத்தில் துறைகள் பிரிந்தன. முறையீட்டின் வழி மாறவில்லை. கண்காணிப்பு அமைப்புகளை மதிப்பிடுவோர் அவற்றின் எண்ணிக்கையைக் காட்டிலும், மனு இறுதியில் எவர் கையை அடைகின்றது என்பதையே முதற்கண் ஆராய்தல் வேண்டும்.