நாலு ப்ளக், அஞ்சு வயர்

ஏரியூரில் வாடகைக் கார் ஓட்டியவர்கள் ஆசைக்காக ஸ்பார்க் ப்ளக் மாற்றக் கற்கவில்லை. தருமபுரி ஆஸ்பத்திரிக்குப் பென்னாகரம் வழியாகத்தான் போகவேண்டும். மேற்கே காவிரி, 1934-இல் மேட்டூர் அணை எழும்பிய பிறகு அது அகன்ற நீர்த்தேக்கம். ஒட்டனூரில் பரிசல் ஏறினால் அக்கரையில் கோட்டையூர். ஆள் போகலாம், கார் போகாது. நடுராத்திரியில் பிரசவ வலிக்காரியை ஏற்றிய வண்டி பாதிவழியில் மிஸ் அடித்தால் டிரைவர்தான் மெக்கானிக்.

அப்பா ஓட்டியது பெட்ரோல் அம்பாசிடர். இங்கிலாந்து மோரிஸ் ஆக்ஸ்போர்டை ஒட்டி, 1950களின் கடைசியில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் உத்தரபாராவில் செய்ய ஆரம்பித்த வண்டி. 1489 சிசி என்ஜின், நாலு சிலிண்டர். காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்கு ஒரு வயர், மூடியிலிருந்து ப்ளக்குகளுக்கு நாலு. பொறி விழும் வரிசை 1-3-4-2. "வயரை ஒண்ணொண்ணா மாத்து கண்ணு. மொத்தமா உருவினா வரிசை தப்பிடும், கார்ப்பரேட்டர்ல வெடிக்கும்" என்பார்.

வயரைச் சோதிக்க இருட்டு வேண்டும். வீட்டு வாசல் விளக்கை அணைத்துவிட்டு, பானெட்டைத் தூக்கி, என்ஜினை ஓடவிட்டுப் பார்ப்போம். ரப்பர் வெடித்த இடத்தில் நீலமாகப் பொறி கசிந்து இரும்பில் பாயும். அந்த வயருக்குத் தயவுதாட்சண்யமெல்லாம் கிடையாது, அன்றைக்கே மாற்றிவிடவேண்டும். மழைநாள் காலையில் வண்டி கிளம்பாவிட்டால் முதலில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி உள்ளே இருக்கும் ஈரத்தைத் துடைப்பார். பாதி நாள் அதிலேயே சரியாகிவிடும்.

ப்ளக் பெரும்பாலும் மைக்கோ. 1951-இல் பெங்களூரில் தொடங்கிய போஷ் கம்பெனி அது. உயரழுத்த மேக்னெட்டோவோடு ப்ளக்கைச் சேர்த்து 1902-இல் ஜெர்மனியில் அதே போஷ் கொண்டுவந்த ஏற்பாடுதான், பிற்பாடு எங்கள் பக்கத்து டிரைவர்களின் டேஷ்போர்டு வரை வந்து சேர்ந்தது. கழற்றிய ப்ளக்கின் வெள்ளைப் பீங்கானைப் பார்த்தே அப்பா வண்டியின் நிலையைச் சொல்லிவிடுவார். இளம்பழுப்பு என்றால் எல்லாம் சரி. காய்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. எண்ணெய் ஈரம் என்றால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. வெளுத்துப் போயிருந்தால் என்ஜின் சுடுகிறது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, முனை இடைவெளியை ஆக்ஸா பிளேடு நுழையும் அளவுக்கு வைப்பார். பிளேடின் கனமும் கம்பெனி சொன்ன கேப்பும் ஏறக்குறைய ஒன்று, 0.6 மில்லிமீட்டர் சொச்சம். பிறகு ஆறிய என்ஜினில், ஸ்பேனர் படாமல் விரலாலேயே மரையைப் பிடிக்கவைப்பார். மரை கோணினால் சிலிண்டர் ஹெட்டே போச்சு.

இவ்வளவு அடிக்கடி கழற்ற வேண்டியிருந்ததற்குப் பெட்ரோலும் ஒரு காரணம். அதில் கலந்திருந்த ஈயம் எரிந்து பீங்கானில் படியும். 2000 பிப்ரவரியில் நாடு முழுக்க ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது. அதற்குள் வாடகை வண்டிகள் டீசலுக்கு மாறியிருந்தன. அங்கே ப்ளக் பொறிக்கே வேலையில்லை. பிறகு வந்த பெட்ரோல் கார்களில் கார்ப்பரேட்டர் போய், பெட்ரோலைப் பீய்ச்சும் எம்பிஎஃப்ஐ வந்தது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருந்த பாயிண்ட்டும் ரோட்டாரும் போயின. பல வண்டிகளில் ப்ளக்குக்கு மேலேயே காயில் உட்கார்ந்துகொண்டது, வயரே இல்லை. இரிடியம் முனை ப்ளக் ஒரு லட்சம் கிலோமீட்டர்கூடத் தாங்குகிறது.

வண்டிக்கு இது நல்லதுதான். ஆனால் படிக்காத டிரைவர்கள் இரும்பும் பீங்கானும் பார்த்துக் கற்ற அறிவை எந்த ஐடிஐ பாடப்புத்தகத்துக்கும் குறைவாக நான் மதிக்கமாட்டேன். ஏரியூரில் இன்றும் பைக் ப்ளக்கை வீட்டிலேயே கழற்றுகிறார்கள். கழற்றியதும் தேய்க்க ஆரம்பித்துவிடுகிறார்கள். முதலில் நிறத்தைப் பார்க்கவேண்டும்.