ஜீப்பின் பின்கண்ணாடி

பிரெஞ்சில் காரின் பின்கண்ணாடிக்கு ‘லுனெத் அரியேர்’ என்று பெயர். ‘லூன்’ என்றால் நிலா, ‘லுனெத்’ என்றால் குட்டி நிலா. அதே சொல்லைப் பன்மையில் சொன்னால் மூக்குக்கண்ணாடி. பிரெஞ்சு வழியில் படித்துவிட்டுக் கோவையில் குப்பை கொட்டியவன் என்பதால், ஜீப்பின் கித்தான் கூரையில் தைத்திருக்கும் பிளாஸ்டிக் கண்ணாடியைப் பார்த்தால் எனக்கு இந்தச் சொல்தான் நினைவுக்கு வரும். நிலாவைப் போல அதுவும் தேயும். என் வயதுக்காரர்களின் கண்ணைப் போல அதிலும் புரை விழும்.

இந்தச் சின்னப் பொருளுக்கும் ஒரு வரலாறு உண்டு.

மோட்டார் வண்டிகள் வந்த புதிதில் பெரும்பாலானவை திறந்த வண்டிகளே. மழை வந்தால் குதிரை வண்டியில் செய்வது போலக் கூரையை இழுத்துவிட்டு, பக்கங்களில் படுதாவை மாட்டுவார்கள். 1920-ல் ஜி.டி. நாயுடு அவர்கள் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றை பஸ் ஓட்டித் தொழில் தொடங்கிய காலமும் படுதாக் காலம்தான். படுதாவை இறக்கினால் நனையாமல் தப்பலாம், ஆனால் வெளியே ஒன்றும் தெரியாது. அதற்காகத் துணியில் சன்னல் வெட்டி, முதலில் மைக்காத் தகடு வைத்தார்கள். நம் ஊரில் காக்காய்ப்பொன் என்போமே, அதுதான். அது அடுக்கடுக்காக உரிந்து வந்தது.

அடுத்து வந்தது செல்லுலாய்டு. 1870 வாக்கில் அமெரிக்காவில் ஹயட் என்பவர் தொழில்முறையில் கொண்டுவந்த பொருள். அதைச் செய்யும் விதம் நம்மூர்க்காரர்களுக்குப் பிடிக்கும்: பருத்தி நாரை அமிலத்தில் பதப்படுத்தி, கற்பூரம் சேர்ப்பார்கள். பஞ்சும் சூடமும் சேர்ந்தால் என்ன ஆகும்? தீப்பொறி பட்டால் குப்பென்று பற்றிக்கொள்ளும். அந்தக் காலத்துச் சினிமா பிலிமும் இதே சரக்குதான். சென்ட்ரல் ஸ்டுடியோவும் பட்சிராஜாவும் இருந்த ஊரில் இதை விளக்க வேண்டியதில்லை. வெயிலில் மஞ்சளாகி, மடித்தால் வெடித்துவிடும் குணமும் அதற்கு உண்டு.

மூன்றாவதாக வந்ததுதான் இன்று நாம் பார்க்கும் பி.வி.சி. இதன் கதை வேடிக்கையானது. 1872-ல் ஜெர்மானிய வேதியியலாளர் பௌமன், வினைல் குளோரைடு வாயு இருந்த குடுவை வெயில் பட்டபோது உள்ளே வெள்ளையாக ஒரு திடப்பொருள் உண்டானதைக் கண்டார். அது விறைப்பான பொருள். யாருக்கும் உடனே பயன்படவில்லை. 1926-ல் அமெரிக்காவின் குட்ரிச் கம்பெனியில் வால்டோ செமன் அதில் எண்ணெய் போன்ற ஒரு பொருளைச் சேர்த்து, துணி போல வளையச் செய்தார். ஆக, வெயிலில் பிறந்த பிள்ளை இது. கடைசியில் இதைக் கொல்வதும் வெயில்தான். வெயிலிலும் சூட்டிலும் உள்ளிருக்கும் எண்ணெய் மெல்ல மெல்லக் கசிந்து போகும். மீதி இருப்பது மஞ்சளாகி, பழுப்பாகி, விறைத்து, மடிப்பில் கீறல் விடும்.

பிரான்சில் 1948-ல் பாரிஸ் கண்காட்சிக்கு வந்த சித்ரோயன் ‘டோ ஷெவோ’ கார் குடியானவர்களை மனதில் வைத்துச் செய்தது. அதன் கித்தான் கூரை பின்பக்கம் பம்பர் வரை இறங்கும். குட்டிப் பின்கண்ணாடி அந்தத் துணியிலேயே இருக்கும். நம் நாட்டில் அந்த இடத்தைப் பிடித்தது ஜீப். போருக்காக 1941-ல் பிறந்த வில்லிஸ் ஜீப்பை, சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் மகிந்திரா கம்பெனி இங்கே கொண்டுவந்தது. 1952 அக்டோபர் 2-ம் தேதி சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியபின் ஜீப் கிராமத்துக்குள் நுழைந்தது. அரசாங்கம் என்றால் ஜீப், ஜீப் என்றால் அரசாங்கம் என்று ஆயிற்று. பஞ்சாயத்து யூனியன் ஜீப் ஊருக்குள் வந்தால் பிள்ளைகள் கூட்டமாகப் பின்னால் ஓடும். வண்டி நின்ற பின்னும் அங்கேயேதான் நிற்கும்.

பின்கண்ணாடி மங்கினால் ஆபத்து அங்கேதான். வண்டியைப் பின்னால் எடுக்கும்போது டிரைவருக்கு ஒன்றும் தெரியாது. பியூன் இறங்கி நின்று, பிள்ளைகளை விரட்டி, தகரத்தைத் தட்டித் தட்டி வழி சொல்வார். நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் ஹுட் மாற்றும் எஸ்டிமேட் மேலே போய், விளக்கம் கேட்டுத் திரும்பி வந்து, மறுபடி மேலே போய் ஒரு மழைக்காலமே கடந்துவிட்டது. எங்கள் டிரைவர் சொல்வார்: “ஏனுங்க சார், பைலு ஓடற வேகத்துக்கு இந்த வண்டியை ரிவர்ஸ்லயே ஓட்டலாமுங்க. என்ன, பின்னாடி எதுவும் தெரியாதுங்க.”

கண்ணாடித்தாளைக் காப்பாற்றும் வித்தையை நான் அவரிடம்தான் பார்த்தேன். முதல் விதி, உலர்ந்த துணியால் துடைக்கக் கூடாது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் ஆனி, ஆடியில் தாள் முழுக்கப் புழுதி படிந்திருக்கும். அதன்மேல் துணி போட்டால் உப்புத்தாள் தேய்த்தது போலத்தான். முதலில் தண்ணீரை ஊற்றிப் புழுதியை ஓடவிட வேண்டும். பிறகு பழைய வேட்டித் துணியை நனைத்து, துளி சோப்பு நுரையோடு மேலிருந்து கீழாக மெதுவாக இழுக்க வேண்டும். மண்ணெண்ணெய் தொட்டுத் துடைப்பவர்கள் உண்டு. அன்று பளபளக்கும், ஆனால் தாளின் உள்ளிருக்கும் எண்ணெயையும் அது இழுத்துக்கொண்டு போய்விடும். பெட்ரோலும் தின்னரும் அதைவிட மோசம்.

கூரையை மடிக்கும்போதும் கவனம் வேண்டும். ஊட்டிக் குளிரில் விடியற்காலையில் தாள் விறைத்துக் கிடக்கும். அப்போது மடித்தால் கீறல் நிச்சயம், கொஞ்சம் வெயில் ஏறட்டும் என்று காத்திருக்க வேண்டும். ஈரத்தோடும் மடிக்கக் கூடாது. நடுவில் பழைய போர்வையை வைத்து, கூர்மையாக மடியாமல் சுருட்டினாற்போல விட வேண்டும். செய்தித்தாளை வைத்தால் அச்சு மை தாளில் ஒட்டிக்கொள்ளும். நிறுத்துவது நிழலில். லேசான கீறலைப் பிளாஸ்டிக்குக்கான பாலிஷ் போட்டுத் தேய்த்துப் போக்கலாம். உள்ளேயே மஞ்சளானதற்கு மருந்து கிடையாது, வெட்டி எடுத்துப் புதிதாகத் தைக்க வேண்டியதுதான்.

அந்தத் தையல் ஒரு தனிக் கலை. தாளில் ஊசித் துளை நெருக்கமாக விழுந்தால் தபால்தலை ஓரம் போல அதே வரிசையில் கிழிந்துவிடும். கித்தானிலும் பழைய துளை வழியே மறுபடி தைக்கக் கூடாது. நல்ல குஷன் கடைக்காரர் தையலை எட்ட எட்டப் போட்டு, ஓரத்தில் ரெக்சின் பட்டை வைத்துத் தைப்பார்.

காலம் மாறிவிட்டது. ஜப்பானின் மாஸ்டா எம்.எக்ஸ்.-5 கார் 1989-ல் பிளாஸ்டிக் பின்கண்ணாடியோடு வந்தது. 1998-ல் வந்த அடுத்த மாடலில் நிஜக் கண்ணாடிக்கு மாறிவிட்டார்கள். நம் அரசு அலுவலகங்களிலும் தகரக் கூரை போட்ட வண்டிகள் வந்துவிட்டன. ஆனாலும் 2010-லும் 2020-லும் வந்த தார் ஜீப்புகளில் மடக்குக் கூரை வகை இருப்பதால், இங்கே பீளமேட்டில் கல்லூரிப் பையன்கள் அதை ஓட்டிக்கொண்டு போவதைப் பார்க்கிறேன். ஆட்டோவின் முதுகிலும் அந்தத் தாள் இன்னும் இருக்கிறது.

அவினாசி ரோட்டில் 2015-ல் திறந்த ஜி.டி. கார் மியூசியத்துக்குப் போகிறவர்கள் எஞ்சினையும் விளக்கையும் பார்ப்பார்கள். இரும்பு நூறு வருடம் தாங்கும். துணியும் தாளும் தாங்காது. பழைய திறந்த வண்டி எந்த ஊரில் நின்றாலும், அதன் கூரையையும் பின்கண்ணாடியையும் யாரோ ஒரு தையல்காரர் இரண்டு மூன்று முறையாவது மாற்றித் தைத்திருப்பார். அவர் பெயர் எந்தப் பலகையிலும் இருக்காது. அடுத்த முறை போனால் வண்டியின் பின்பக்கமும் போய் ஒரு நிமிஷம் நின்று அந்தத் தையலைப் பாருங்கள்.