பல்கலைக்கழகத்துக்கு முன்பே ஓர் ஆய்வுத் திட்டம்

திருநெல்வேலிச் சீமைக்குக் கல்லூரிகள் வந்து நூறாண்டு கடந்த பிறகுதான் பல்கலைக்கழகம் வந்தது. பாளையங்கோட்டை தூய யோவான் கல்லூரியும் திருநெல்வேலி இந்துக் கல்லூரியும் 19ஆம் நூற்றாண்டிலேயே உருவாகிவிட்டன. தூய சவேரியார் கல்லூரி 1923இல் தொடங்கியது. ஆனால் மாணவர் எதைப் படிப்பது என்பதைச் சென்னைப் பல்கலைக்கழகமே முடிவு செய்தது. 1966இல் மதுரைப் பல்கலைக்கழகம் அமைந்ததும் அந்தப் பொறுப்பு மதுரைக்குப் போனது.

இந்த மண்ணில் ஆராய வேண்டியவை எவை என்ற கேள்விக்கு உள்ளூரிலேயே விடை தேடியவர் நா. வானமாமலை. 1917இல் நாங்குநேரியில் பிறந்து, ஊர்ப் பெருமாளின் பெயரையே தாங்கியவர். ஆசிரியர் வேலையை விட்டபின் டுட்டோரியல் கல்லூரி நடத்தினார், மார்க்சியராக வாழ்ந்தார். 1967இல் அவர் தொடங்கிய நெல்லை ஆய்வுக் குழுவுக்குக் கட்டடமோ மானியமோ இல்லை. உறுப்பினர்கள் கூடிக் கட்டுரை வாசித்தார்கள். மற்றவர்கள் கேள்வி கேட்டார்கள். திருத்தப்பட்ட கட்டுரைகளுக்கு 1969 முதல் ‘ஆராய்ச்சி’ இதழ் இடம் தந்தது. பட்டம் இல்லாதவரும் சான்று காட்டினால் ஆய்வாளராக மதிக்கப்பட்டார். தமிழில் சமூகவியல் ஆய்வு இத்தனை எளிய அமைப்பிலிருந்து வேர்விட்டது பெரிய சாதனை.

அன்றைய தமிழ்த் துறைகள் பெரும்பாலும் ஏட்டிலக்கியத்தையும் இலக்கணத்தையும் சுற்றியே இயங்கின. கோயில் கொடை விழாக்களில் விடிய விடியப் பாடப்படும் வில்லுப்பாட்டு அவற்றின் கண்ணில் இலக்கியமாகப் படவில்லை. வானமாமலை அதை வரலாற்றுச் சான்றாகவே எடுத்துக்கொண்டார். முத்துப்பட்டன் கதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அந்தணனான முத்துப்பட்டன், செருப்புத் தைக்கும் குலத்துப் பெண்களான பொம்மக்கா, திம்மக்காவை மணக்கிறான். மாமனாரின் மாடுகளைக் கவர வந்தவர்களோடு சண்டையிட்டு மாள்கிறான். பாபநாசத்துக்கு மேலே காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் இன்றும் அவனுக்கு வழிபாடு உண்டு. சாதி கடந்த மணமும் அதற்கு மக்கள் தந்த மதிப்பும் எந்தக் கல்வெட்டிலும் இவ்வளவு விரிவாகக் கிடைக்காது. இக்கதையையும் கட்டபொம்மு கதைப்பாடலையும் வானமாமலை பதிப்பிக்க, 1970களின் தொடக்கத்தில் மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. பல்கலைக்கழகத்துக்கு வெளியே நின்று உழைத்த ஒருவரின் ஆய்வுத் திட்டத்துக்குப் பல்கலைக்கழகமே அச்சு வடிவம் கொடுத்தது.

அவர் 1980இல் மறைந்தார். குழுவில் வளர்ந்த ஆ. சிவசுப்பிரமணியன் தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரியில் பணியாற்றியபடியே அந்த வழியில் தொடர்ந்து எழுதினார். சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியலுக்குத் தனித்துறை எழுந்தது.

1990 செப்டம்பரில், மதுரை காமராசர் பல்கலைக்கழகம் என்று அதற்குள் பெயர் மாறியிருந்த மதுரைப் பல்கலைக்கழகத்திலிருந்து பிரிந்து மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் உருவானது. நெல்லை, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பகுதிகளின் கல்லூரிகள் அதன்கீழ் வந்தன. பொருளியல் அறிஞர் வேதகிரி சண்முகசுந்தரம் முதல் துணைவேந்தர். தென்காசிச் சாலையில் அபிஷேகப்பட்டியில் வளாகம் எழுந்தது. உயர்கல்வி எட்டாதவரை எட்டுவதே நோக்கம் என்று பல்கலைக்கழகம் அறிவித்துக்கொண்டது. திருநெல்வேலி நகரத்துக்குத் தெற்கே சுமார் 30 கிலோமீட்டரில் உள்ள நாங்குநேரி வட்டாரத்து மாணவருக்கு, நகரத்தைக் கடந்து மேற்கே செல்ல வேண்டிய அந்த வளாகம் எளிதில் எட்டுவதாக இல்லை. பிற்காலத்தில் பணகுடி, கோவிந்தப்பேரி, நாகம்பட்டி போன்ற சிற்றூர்களில் பல்கலைக்கழகமே கல்லூரிகளைத் திறந்தபோதுதான் அந்த நோக்கத்துக்கு நடைமுறை வடிவம் கிடைத்தது.

பாடத் திட்டத்திலும் மண்ணின் பங்கு கூடியது. பாளையங்கோட்டைக்காரரான தொ. பரமசிவன் 2008 வரை இந்தப் பல்கலைக்கழகத்தின் தமிழ்த் துறைத் தலைவராக இருந்தார். அழகர் கோயிலைச் சமூக நோக்கில் ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றவர். உப்பு, உணவு, உடை, சிறுதெய்வம் என அன்றாட வாழ்வையே ஆய்வுப் பொருளாக்கினார். நெல்லை ஆய்வுக் குழு வெளியே நின்று கேட்ட கேள்விகள் இவ்வாறு பல்கலைக்கழக வகுப்பறைக்குள் இடம்பெற்றன.